பூசத்தை மறந்த மண்டோர்

பெக்கான் நானாஸில் தனலெட்சுமியின் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. அன்னாசித் தோட்டத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் ஓர் அதட்டல் போட்டால், அந்தக் கோடியில் கூடை தூக்குகிறவன் நிமிர்ந்து நிற்பான். ஆண்களே பார்த்துவந்த மண்டோர் வேலை, பழைய கங்காணி வேலைக்கு இங்கே அதுதான் பெயர், அவள் கைக்கு வந்து ஏழெட்டு வருஷமாகிறது. கேட்டு வாங்கவில்லை, பிடுங்கி வாங்கினாள் என்று ஊரில் சொல்வார்கள். அவளிடமே கேட்டால், "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்பாள்.

கணவன் மணியம் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். "நீயும் வந்துடு லா, ஏசியில நிக்கலாம்" என்று அவனும் பல வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறான். "அங்க யாரை நான் அதட்டுறது?" என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

அவளிடம் மூன்று வகை ஆட்கள். மலரும் அவள் கூட்டாளிகளும் உள்ளூர்ப் பெண்கள். ராஜசேகரனும் அவன் ஊர்க்காரர்களும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். மீதி ஐந்து பேர் இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பெரியவர் பாக் மாசுன்; 'பாக்' என்பது ஐயா மாதிரி ஒரு மரியாதைச் சொல். தனலெட்சுமியைவிட வயதில் மூத்தவர்தான், இருந்தாலும் மண்டோர் என்ற மரியாதைக்கு அவளை 'காக்', அதாவது அக்காள் என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் பேச்சு பாதி மலாய், பாதி தமிழ். மாசுன் நல்ல தமிழில் "சோறு எங்கே?" என்று கேட்பார். ராஜசேகரனோ வந்த சில மாதத்திலேயே 'அலமாக்' என்று தலையில் கைவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

தனலெட்சுமிக்கு ஒரு விஷயத்தில் கர்வம் அதிகம். யாருக்கு எப்போது பெருநாள், யார் எப்போது நோன்பு, யாருக்கு எந்த நாளில் வேலை சொல்லக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருக்கும். "ஆளை வேலை வாங்கத் தெரிஞ்சா மட்டும் மண்டோர் இல்ல, ஆளுக்கு எப்போ லீவு வேணும்னு அவன் கேக்குறதுக்கு முன்னாடி தெரியணும்" என்பாள். சொல்லும்போது கொஞ்சம் மார்பு விரியும்.

அன்னாசியில் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். அதன் இஷ்டத்துக்கு விட்டால் ஒரு செடி இன்றைக்குப் பழுக்கும், பக்கத்துச் செடி அடுத்த மாதம் பழுக்கும். அதனால் செடியின் குருத்தில் கொஞ்சம் மருந்து ஊற்றுவார்கள். பூ மருந்து என்று பெயர். ஊற்றிய பாத்தி மொத்தமும் ஒன்றாகப் பூத்து, ஐந்து மாதம் கழித்து ஒன்றாகப் பழுக்கும். பழுத்தபிறகு ஒரு நாள் பொறுத்துக்கொள் என்றால் கேட்காது. முன்கூட்டியே வெட்டினாலும் இனிப்பு ஏறாது. ஆக, மருந்து ஊற்றும் நாளில் தவறினால் ஐந்து மாதம் கழித்துத்தான் அடி விழும்.

போன செப்டம்பரில் தோட்ட முதலாளி தேனப்பன் செட்டியாரும் அவளும் உட்கார்ந்து அந்த நாளைக் குறித்தார்கள். சீனப் பெருநாளுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, வீட்டுக்கு வீடு அன்னாசி டார்ட் வேண்டும். கெலாங் பாத்தாவில் இருக்கும் ஜாம் தொழிற்சாலைக்காரர்கள் அதற்கு இரண்டு வாரம் முன்பே பழம் கேட்கிறார்கள். சீனப் பெருநாள் முடிந்த கையோடு ரமலான். லொம்போக்காரர்கள் பட்டினியோடு கூடை தூக்க முடியாது, ஆகவே பெரிய வெட்டை அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். டிசம்பர் மழையில் வெட்டினால் பழம் தண்ணீராக இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, பிப்ரவரி ஒன்றாம் தேதி லாரி வருகிற மாதிரி மருந்து ஊற்றலாம் என்று தனலெட்சுமி சொன்னாள். "சபாஷ்" என்று தேனப்பன் தலையாட்டினார். மருந்தும் ஊற்றியாயிற்று.

ஜனவரி பாதியில் ஒரு நாள் காலை மலர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றாள். ராஜசேகரன் கழுத்தில் மாலை, இடுப்பில் மஞ்சள் வேட்டி. தோட்டத்து முள்ளில் செருப்பில்லாமல் நடக்காதே என்று அவனை விரட்டப் போன தனலெட்சுமி, வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"பூசம் என்னைக்கு?"

"என்னக்கா தெரியாத மாதிரி கேக்குறீங்க?" என்றாள் மலர். "ஒண்ணாந்தேதி. ஞாயித்துக்கெழமை."

போன வருஷம் பிப்ரவரி நடுவில் வந்த தைப்பூசம், இந்த வருஷமும் அதே இடத்தில் தனக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று அவள் பாட்டுக்கு நினைத்துவிட்டாள். மலாய்க்காரர்களின் ஹரிராயா வருஷா வருஷம் நகரும் என்று தெரியும். சீனப் பெருநாள் நகரும் என்று தெரியும். ஊரார் பண்டிகை எல்லாவற்றுக்கும் காவல் இருந்தவள் தன் சொந்தப் பூசத்தைக் கோட்டை விட்டுவிட்டாள். இந்தத் தப்பை ஒரு மலாய்க்காரரோ சீனரோ செய்திருக்கவே மாட்டார். அவர்கள் தமிழர்களுக்குப் பூசம் என்றைக்கு என்று யாரையாவது கேட்டிருப்பார்கள். தமிழச்சி என்பதால் அவள் யாரையும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பூராவும் அவள் யாரையும் அதட்டவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று லொம்போக்காரர்கள் பயந்துபோனார்கள்.

மறுநாள் அவள் முதலாளி வீட்டுக்குப் போனபோது தேனப்பன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நகரத்தார்களுக்குத் தைப்பூசத்துக்கு முதல் நாளே செட்டிப் பூசம். வெள்ளி ரதத்தின் பின்னால் நடக்க அவர் வருஷம் தவறாமல் பினாங்கு போய்விடுவார். உறவுக்காரர்களைப் பார்த்துக்கொண்டு முன்கூட்டியே கிளம்புகிறார். கூடத்தில் அவர் மகன் சரண் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். படிப்பை முடித்து வந்து இரண்டு வருஷமாகத் தோட்டத்து நிர்வாகத்தை அவன்தான் பார்க்கிறான். கெட்ட பிள்ளை இல்லை. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற அவசரம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"ஐயா, தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

சரண்தான் முதலில் பேசினான். "அக்கா, ஹார்வெஸ்ட் அன்னைக்குப் பாதி ஆளுக்கு மேல இல்லைன்னா எப்படி? எல்லாருக்கும் லீவு கேன்சல்னு சொல்லிடுங்க. பெர்மிட்காரங்க மாட்டேன்னா சொல்லப் போறாங்க?"

"சொல்ல மாட்டாங்க தம்பி. அதனாலதான் நான் சொல்லக் கூடாது. அவங்கள வேலைக்கு எடுத்த அன்னைக்கே பூசத்துக்கு லீவுன்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"இப்படித்தான் வருஷா வருஷம் ஏதாவது ஒண்ணு. ஏஜென்சிகிட்ட விட்டா இந்தத் தலைவலியே இல்லப்பா. ஆள் வேணும்னா வேன்ல வருவாங்க, வேலை முடிஞ்சா போய்டுவாங்க. நாம பெர்மிட் கட்ட வேணாம், ஆளுங்களுக்குக் கொங்சி வீடு பாத்துக்க வேணாம்."

தனலெட்சுமி அவனை விட்டுவிட்டு அவன் அப்பாவைப் பார்த்தாள். "தேதி குறிக்கும்போது நீங்களும்தானேய்யா தலையாட்டினீங்க? நான் எஸ்டேட்டுக்காரி, மறந்துட்டேன். நீங்க நகரத்தார். ரதம் இழுக்கிற நாளை நீங்களுமா மறப்பீங்க?"

தேனப்பன் மடித்துக்கொண்டிருந்த வேட்டியைப் பெட்டிமேல் போட்டார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டார். "சரியாப் பிடிச்சா பாத்தியா! வெளிய சொல்லிடாதே லெட்சுமி, மானம் போயிடும்."

ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் முதலாளி ஆகிவிட்டார். லாரி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வரும், நிறைந்து போக வேண்டும். அவர் ஊரில் இருக்கமாட்டார், பொறுப்பு சரணுடையது. லாரி பாதியாகப் போனால் அடுத்த வெட்டிலிருந்து ஏஜென்சி. அப்படியென்றால் பெர்மிட் புதுப்பிக்கமாட்டார்கள். ராஜசேகரன் கூட்டம் ராமநாதபுரத்துக்கு, மாசுன் கூட்டம் லொம்போக்குக்கு, மலரும் மற்றப் பெண்களும் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். அவள் கட்டிச் சேர்த்த கூட்டம் ஒரே நாளில் கலைந்துவிடும்.

"லாரி நெறைஞ்சுதான் போகும்" என்றாள் தனலெட்சுமி. எப்படி என்று அவளுக்கே தெரியாது. இருந்தாலும் சொல்லும்போது குரல் பிசகவில்லை.

அன்று சாயந்தரம் கொங்சியில், ஆட்கள் தங்கும் அந்தப் பலகை வீட்டின் முன்னால், எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள். ராஜசேகரன்தான் எழுந்தான்.

"அக்கா, நான் காவடியை அடுத்த வருஷம் எடுத்துக்கிறேன். நாங்க எல்லாருமே வேலைக்கு வந்துடுறோம்."

"உக்காருடா. உன் பொண்டாட்டிக்குப் பிரசவம் நல்லபடியா ஆனதுக்கு வேண்டிக்கிட்ட காவடி. நான் மறந்ததுக்கு நீ ஏன் முருகன்கிட்டக் கடன் வைக்கணும்? பூசத்துக்கு நீங்க யாரும் தோட்டத்துப் பக்கம் தலை காட்டக் கூடாது. நாள் பூரா லீவு. சொல்லிட்டேன்."

"அப்போ வேலை?"

"நான் இருக்கேன்ல?"

பாக் மாசுன் ஓரமாக உட்கார்ந்து கிரெட்டெக் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். அதை அணைத்துவிட்டு, மலாயும் தமிழும் கலந்த தன் பேச்சில் நிதானமாகச் சொன்னார்.

"காக், சனிக்கிழமை எல்லாரும் சேந்து மேற்குப் பக்கம் முடிப்போம். அது முந்திப் பழுக்குது. ஞாயித்துக்கெழமை கிழக்குப் பக்கம் எங்க அஞ்சு பேருக்கு. பதிலுக்கு ரமலான்ல மத்தச் சின்னப் பாத்திங்கள வெட்டும்போது மத்தியானக் கூடை உங்க ஆளுங்களுக்கு. நாங்க காலையில வெட்டுவோம், வெயில்ல தூக்க மாட்டோம். சரியா?"

"சரி" என்று தமிழ்க் கூட்டம் மொத்தமும் சொல்லிவிட்டது, மண்டோரைக் கேட்காமலே.

"இன்னொண்ணு" என்றார் மாசுன். "நீங்களும் கோயிலுக்குப் போகணும்."

தனலெட்சுமி சிரித்தாள். வெட்டு நடக்கும்போது மண்டோர் வயலை விட்டுப் போனதாகச் சரித்திரமே இல்லை. அவளுக்கும் பால்குடம் உண்டுதான். மகள் பிரவீனா டெங்குவில் கிடந்து பிழைத்த வருஷத்திலிருந்து ஒரு பூசம்கூடத் தவறியதில்லை. ஆனால் இந்த வருஷம் முருகனுக்கு நிலைமை புரியும் என்று மனத்துக்குள் சமாதானம் செய்து வைத்திருந்தாள்.

"நான் இல்லாம அஞ்சு பேரு எப்படிப் பாக் பாப்பீங்க?"

"நீங்க பூசத்தன்னைக்கு வயலை என்னை நம்பி விட மாட்டீங்கன்னா, ரமலான்ல என் கூடையை நான் எப்படி உங்கள நம்பி விடுறது?" என்றார் மாசுன். குரலை உயர்த்தவே இல்லை.

தனலெட்சுமிக்குச் சுருக்கென்றது. அன்றிரவு பால்குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள்.

சனிக்கிழமை மேற்குப் பக்கத்தை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே முடித்தார்கள். விரதக்காரர்கள் வயிறு காய்ந்தாலும் கை ஓயவில்லை. பழங்கள் களத்தில் மலையாகக் குவிந்தன. ஆனால் அது பாதி லாரிதான். மறுநாள் கிழக்குப் பக்கம் முழுவதும் இருந்தது.

ஞாயிறு காலை கோயிலில் நாதஸ்வரமும் உறுமியும் காதைப் பிளந்தன. பாரிட் கரையில், இங்கே வாய்க்காலை அப்படித்தான் சொல்வார்கள், வரிசையாகக் காவடிகள் ஆடின. ராஜசேகரன் காவடியைத் தோளில் வைத்ததும் வேறு ஆளாகிப்போனான். தனலெட்சுமி தலையில் பால்குடத்தோடு மஞ்சள் புடவையில் நடந்தாள். வாய் "வேல் வேல்" என்றது. மனமோ கிழக்குப் பாத்தியில் இருந்தது. வெட்டுகிறவன் பின்னாலேயே தூக்குகிறவன் போக வேண்டும், இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது அவள் சட்டம். ஐந்து பேரில் எத்தனை பேர் வெட்டுவார்கள், எத்தனை பேர் தூக்குவார்கள்? எப்படிப் பிரித்தாலும் கணக்கு உதைத்தது. எங்கோ ஒரு லாரி ஹார்ன் அடித்தால் அவளுக்குப் பால் தளும்பியது.

"அக்கா, சாமியப் பாருங்க!" என்று பின்னாலிருந்து மலர் இடித்தாள்.

சந்நிதிக்கு முன்னால் வந்து பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்தபோதுதான் அவள் உண்மையாகவே முருகனைப் பார்த்தாள். மகளுக்காக நன்றி சொன்னாள். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேவிட்டாள். "என் ஆளுங்களைக் கலைச்சிடாதப்பா." கண்ணில் நீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மலரின் பையில் கொடுத்து வைத்திருந்த தன் கைபேசியில் சரணின் அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பி அழைத்தாள்.

"அக்கா, நான் தோட்டத்துல நிக்கிறேன். களத்துல நேத்துப் பழம் மட்டும்தான் இருக்கு. இன்னைக்கு ஒரு கூடைகூட வரல. உங்க ஆளுங்க நிழல்ல உக்காந்து தண்ணி குடிக்கிறாங்க. கேட்டா மண்டோர் வரட்டும்கிறார் அந்தப் பெரியவர். நான் ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டேன். வேற வழி தெரியல. சாரிக்கா."

அவள் அன்னதானப் பந்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மஞ்சள் புடவையோடு மோட்டார் சைக்கிளில் ஏறினாள். வழி நெடுக மாசுனை மனத்துக்குள் திட்டிக்கொண்டே போனாள். நம்பி விட்டதற்கு இதுவா? நிழலில் உட்கார்ந்து தண்ணீரா? பாதி வழியில் தன்னையே திட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். வெட்டு நாளில் வயலை விட்டு வந்தவள்தானே குற்றவாளி?

செம்மண் சாலை முடிந்து தோட்டத்துக் கரைக்குள் திரும்பும்போது எதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் மஞ்சள் மஞ்சளாக என்னவோ வந்தது. வண்டியை நிறுத்தித் திரும்பினாள். மலர் ஒரு மோட்டார் சைக்கிளில் இன்னொருத்தியை ஏற்றிக்கொண்டு வந்தாள். அதன் பின்னால் மற்றப் பெண்கள். கடைசியில் தோட்டத்து வேன், அதற்குள் ராஜசேகரனும் ஊர்க்காரர்களும், புதிதாக மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு.

"நான் தலை காட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினாள்.

"தலையில முடியில்லைக்கா, அதான் காட்டுறோம்" என்றான் ராஜசேகரன்.

"சாப்பிட்டீங்களாடா?"

"பார்சல் கட்டிக்கிட்டோம். பாக்குக்கும் சேத்து."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் மறைக்க ஒரே வழிதான் தெரியும். "அப்புறம் என்ன வேடிக்கை? வண்டிய எடுங்க!" என்று ஓர் அதட்டல் போட்டாள்.

களத்தில் சரண் கைபேசியோடு நின்றிருந்தான். அவன் சொன்னது பொய்யில்லை, களம் நேற்றுப் பார்த்த மாதிரியே இருந்தது. மாசுனும் நான்கு பேரும் மரத்தடியில் சாய்ந்து கிடந்தார்கள். சட்டையெல்லாம் நனைந்து, கையெல்லாம் முள் கீறியிருந்தது. தனலெட்சுமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"பாக், என்ன இது?"

மாசுன் எழுந்து கிழக்குப் பாத்திக்குள் நடந்தார். அவள் பின்னால் போனாள். குனிந்து செடிகளை விலக்கிக் காட்டினார். செடிகளுக்கு நடுவே, வெயில் படாதபடி இலை நிழலில், வெட்டிய பழங்கள் வரிசையாகத் தலைகீழாக நின்றன. அடுத்த வரிசையிலும் அப்படியே. அதற்கடுத்த வரிசையிலும். கரையில் நின்று பார்க்கிறவருக்குப் பச்சை இலைதான் தெரியும். உள்ளே கிழக்குப் பாத்தி முழுவதும் வெட்டி முடிந்திருந்தது.

"இருட்டோட தலையில விளக்குக் கட்டிக்கிட்டு ஆரம்பிச்சோம்" என்றார் மாசுன். "அஞ்சு பேரும் வெட்டினோம். ஒருத்தனும் தூக்கல. வெட்டுறதுக்கு எங்க கை போதும். தூக்குறதுக்கு நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"நான்தான் நாள் பூரா லீவு கொடுத்துட்டேனே பாக்! யாரும் வர மாட்டோம்னுதானே போனோம்?"

"நீங்க லீவு கொடுத்தீங்க. அவங்க லீவுல இருப்பாங்கன்னு நான் நினைக்கல" என்று மாசுன் கரையைக் கைகாட்டினார். அங்கே மஞ்சள் வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜசேகரன் கூட்டம் பூட்ஸில் கால் நுழைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். "பாருங்க, நான் நினைச்சதுக்கு ஒரு ஆள் குறையல."

அவள் போட்ட சட்டத்தை அவர் உடைத்துவிட்டார். உடைக்காவிட்டால் இன்றைக்குப் பாதிப் பாத்திதான் முடிந்திருக்கும் என்று அவளுக்கும் புரிந்தது. ரோஷமும் வந்தது, ரோஷத்தைவிடப் பெரியதாக நன்றியும் வந்தது. "முதல்ல சாப்பிடுங்க பாக், அப்புறம் ஓய்வெடுங்க" என்றாள்.

அந்தத் தோட்டத்து மண் கால் வைத்தால் அமுங்கும் கரிமண். ஆளாளுக்குக் கூடை தூக்கி நடந்தால் நேரமாகும் என்று, நடப்பதற்காகப் பாத்திகளுக்கு நடுவே போட்டிருந்த பலகை நெடுக ஆட்களை வரிசையாக நிறுத்தினாள் தனலெட்சுமி. பழம் கைக்குக் கை மாறிக் கரைக்குப் போனது. காவடி சுமந்து தோள் வீங்கிய ராஜசேகரனை வரிசையின் நடுவில் போட்டாள், அங்கே தோளுக்கு வேலையில்லை. ஓய்வெடுங்கள் என்று அவள் சொல்லியும் லொம்போக்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தை முடித்த கையோடு தாங்களும் வந்து நின்றுகொண்டார்கள். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. "தம்பி, இங்க ஒரு ஆள் குறையுது" என்று அவள் கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். சரண் இரண்டு நொடி யோசித்தான். கைபேசியில் ஏஜென்சிக்காரரை அழைத்து வர வேண்டாம் என்றான். பிறகு முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டு இறங்கினான். முதல் பழத்திலேயே முள் குத்தி "ஆ" என்றதும் வரிசை மொத்தமும் சிரித்தது. அவனும் சிரித்தான்.

லாரி வந்தபோது களத்தில் பழம் வைக்க இடமில்லை. லாரி நிறைந்து, மேலே வலை போட்டு இறுக்கிக் கட்டியபிறகு சரண் அதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினான். பினாங்கிலிருந்து உடனே அழைப்பு வந்தது. பின்னணியில் மேளச் சத்தம்.

"லெட்சுமி, பெர்மிட் எல்லாத்தையும் புதுப்பிக்கச் சொல்லிட்டேன். அடுத்த வெட்டும் உன் ஆளுங்கதான். ஏஜென்சிப் பேச்ச இனி சரணே எடுக்க மாட்டான்" என்றார் தேனப்பன்.

"சரிங்கய்யா. ஆனா அடுத்த தேதி குறிக்கும்போது நீங்க சும்மா தலையாட்டக் கூடாது."

அங்கே அவர் சிரித்தது இங்கே சரணுக்கே கேட்டது.

ரமலான் பிறந்தது. முதல் நாள் மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரத்தில், பழக்க தோஷத்தில் மாசுன் கூடையைத் தோளில் மாட்டப் போனார். தனலெட்சுமி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அந்த மரத்தடியில உக்காருங்க பாக். பேச்சு பேச்சா இருக்கணும்." அவரும் போய் உட்கார்ந்தார். கூடை தூக்கிப் பல வருஷமாகிவிட்டதால் அவளுக்கு இரண்டாம் நடையிலேயே மூச்சு வாங்கியது. மரத்தடியிலிருந்து, "காக், சீக்கிரம் லா! அந்தப் பக்கம் யாரு தூங்குறது?" என்று மண்டோர்க் குரல் வந்தது. அவள் குரலையே அவர் அப்படியே எடுத்துவிட்டிருந்தார். வயல் முழுக்கச் சிரிப்பு.

நடையை முடித்து அவள் மரத்தடிக்கு வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நோன்பாளி முன்னால் குடிக்கத் தயங்கித் திரும்பிக்கொண்டாள். "குடிங்க, குடிங்க" என்றார் மாசுன். பிறகு வயலைப் பார்த்தபடியே சொன்னார்:

"காக், நான் கோயில்ல கேட்டு வச்சுட்டேன். அடுத்த வருஷம் உங்க பூசம் ஜனவரியிலேயே வந்துடுது. ஆகஸ்ட் மூணாவது வாரத்துல பூ மருந்து ஊத்திடாதீங்க. நேரா அதுல போய் முட்டும்."

தனலெட்சுமியின் கையில் பாட்டில் அப்படியே நின்றது. இத்தனை வருஷம் எல்லோருடைய நாளையும் அவள் கணக்கு வைத்திருந்தாள். அவளுடைய நாளைக் கணக்கு வைக்கவும் ஓர் ஆள் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"ஊத்த மாட்டேன் பாக்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கூடையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.